மகெல்லன் திரும்பி வரவே இல்லை

அண்ணே, தொடக்கநிலை 4 பிள்ளைகளுக்கு என்று நீங்கள் பகிர்ந்த பயிற்சித்தாளில் 'உலகை முதலில் சுற்றி வந்தவர் மகெல்லன்' என்று இருக்கிறது. போர்த்துகீசிய மாலுமியான அவர் பாதி வழியிலேயே, 1521 ஏப்ரல் 27இல், பிலிப்பீன்ஸின் மக்தான் தீவில், அங்கிருந்த தலைவர் லாப்பு லாப்புவின் ஆட்களோடு நடந்த சண்டையில் இறந்துவிட்டார். 1519இல் அவர் தலைமையில் ஸ்பெயினிலிருந்து கிளம்பிய ஐந்து கப்பல்களில் விக்டோரியா மட்டுமே சுற்றை முடித்தது. 1522 செப்டம்பரில் தன்னையும் சேர்த்து 18 பேரோடு அதை ஸ்பெயினுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர், மகெல்லனோடு போன மாலுமி எல்கானோ.

நம் பிள்ளைகளுக்கு என்ரிக்கேயைப் பற்றிச் சொல்லலாமே! மகெல்லனுக்கு மலாக்காவில் கிடைத்த அடிமை, கப்பலில் மொழிபெயர்ப்பாளர். பிலிப்பீன்ஸில் அவர் பேசிய மலாய் அங்கிருந்த அரசருக்குப் புரிந்தது. சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு மலாக்கா பஸ்ஸில் போகிற தூரம்தான், பிள்ளைகள் காதுகொடுப்பார்கள். அதற்காக, 'அவர்தான் முதலில் சுற்றினார்' என்று அடுத்த தாளில் போட்டுவிடாதீர்கள். 1521 மே மாதத்துக்குப் பிறகு அவரைப் பற்றிப் பதிவே இல்லை.