எச்பிஏ1சி-யை மட்டும் வைத்து முடிவு கட்டலாமா?
டைப் 1 சர்க்கரை நோய் உள்ள கறுப்பினத்தவருக்கு எச்பிஏ1சி (சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை அளந்து, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) கூடுதலாக இருக்க ஆக்சிஜனேற்ற அழுத்தமே (தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகள் மிஞ்சி செல்களைச் சேதப்படுத்தும் நிலை) காரணம் என்று இங்கே வந்த கட்டுரை அடித்துச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில், உடலில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரைப் பொருத்திப் பார்த்த 2017 ஆய்வில், சராசரி சர்க்கரை ஒரே அளவில் இருந்தபோதும் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு எச்பிஏ1சி சுமார் 0.4 சதவீதப் புள்ளி கூடவே வந்தது. நேர்மாறான உதாரணமும் உண்டு: ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படும் ஜி6பிடி குறைபாட்டில் (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது), சிவப்பணுக்களால் ஆக்சிஜனேற்றத்தைத் தாங்க முடியாது; சீக்கிரம் அழிந்துவிடும், சர்க்கரை ஒட்ட நேரம் போதாது. அதனாலேயே எச்பிஏ1சி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அழுத்தம் கூடினால் எண்ணும் கூடும் என்ற கணக்கு இங்கே அப்படியே தலைகீழ். என் மகளுக்கும் டைப் 1தான். சென்சார் சராசரி 154 மி.கி./டெ.லி. என்றால் எச்பிஏ1சி சுமார் 7 சதவீதம் வர வேண்டும். அவளுக்கு ஆய்வகத்தில் எப்போதும் அதைவிடக் கூடத்தான் வருகிறது. அந்த எண்ணை மட்டும் நம்பி இன்சுலினை ஏற்றினால் ராத்திரியில் சர்க்கரை தாழ்ந்துபோகும், அது எவ்வளவு பயங்கரம் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். இன்சுலின் பம்ப், சென்சார் யார் கைக்குக் கிடைக்கிறது என்பதையும் கட்டுரை தொடவே இல்லை. மேலே கருத்துப் பகுதியில் வைட்டமின் ஈ மாத்திரையைப் பரிந்துரைத்தவருக்கு: ஹோப் என்ற பெரிய இதய நோய்த் தடுப்பு ஆய்வில் தினமும் 400 யூனிட் கொடுத்தும் சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை.