கட்டைவிரலை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 11 வருடமாக மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டரை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பின்தொடர்கிற ஆளாக இருக்கிறேன். எங்கள் வேலை இப்போது முழுக்க வாட்ஸ்அப் குரூப்பில்தான் ஓடுகிறது, நிட்டிங், டையிங், கட்டிங், செக்கிங் என்று ஆளுக்கொரு குரூப், அதுபோக ஆர்டருக்கு ஒன்று. அது வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பைக்கை எடுத்துக்கொண்டு யூனிட் யூனிட்டாக அலைந்த வேலை இன்று ஒரு போட்டோவில் முடிகிறது. ஆனால் ஒப்புதலை மட்டும் அங்கே வைக்காதீர்கள்.

போன வருடம் ஒரு நேவி ஷேடு. டையிங்கிலிருந்து ராத்திரி ஒன்பதரைக்கு லேப் டிப் துண்டை, அதாவது ஷேடு சரிபார்க்கச் சாயம் போட்ட மாதிரித் துணியை, டியூப் லைட் வெளிச்சத்தில் படமெடுத்துப் போட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் ஒரு கட்டைவிரல் எமோஜியைத் தட்டிவிட்டேன், பார்த்துவிட்டேன் என்ற அர்த்தத்தில். காலையில் 300 கிலோ துணி சாயத்தில் இறங்கியிருந்தது. துண்டை லைட் பாக்ஸில் (நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டி), டி65 என்ற பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் சிவப்பு தூக்கலாக அடிக்கிறது. போன் கேமரா நிறத்தைத் தானாகவே மாற்றிவிடும், அப்புறம் ஒவ்வொரு திரையிலும் அது வேறு மாதிரி தெரியும். இது தெரிந்தும் தட்டினேன். கூப்பிட்டுக் கேட்டதற்கு டையிங் மேனேஜர், "ஏனுங் சார், நீங்கதானுங்க ஓகே போட்டீங்க" என்றார். அவர் மேல் தப்பே இல்லை.

கனடாவில் 2021இல் ஒரு விவசாயி, வாங்குபவர் அனுப்பிய ஆளிவிதை ஒப்பந்தத்தின் போட்டோவுக்கு இதே கட்டைவிரலை அனுப்பினார், ஆனால் விதையைக் கொடுக்கவில்லை. வந்து சேர்ந்தது என்றுதான் சொன்னேன் என்று வாதாடியும், 2023இல் சஸ்காட்சுவான் நீதிமன்றம் அதைக் கையெழுத்தாகவே எடுத்துக்கொண்டு 82,000 கனடிய டாலருக்கு மேல் கட்டச் சொல்லிவிட்டது. படித்தபோது எனக்கு அந்த நேவி துணிதான் கண்ணில் நின்றது.

இப்போது துணித் துண்டைக் கார்டில் ஒட்டி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கிய பிறகுதான் குரூப்பில் எழுதுகிறோம். அதுவும் பழைய ட்விட்டரின் 140 எழுத்துக் கணக்கில் ஒரே வரி: ஸ்டைல் நம்பர், ஷேடு, யார் ஓகே சொன்னது, கார்டு எங்கே இருக்கிறது. அளவு மாற்றத்தை மூன்று நிமிட வாய்ஸ் மெசேஜில் சொல்லாதீர்கள், தயவுசெய்து. ஸ்டைல் நம்பரைப் போட்டுத் தேடினால் அது கிடைக்காது, கட்டிங் மாஸ்டர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

இன்னொன்று. பட்டன் மாற்றத்தைக் குரூப்பில் போட்டாயிற்றே என்று செக்கிங்கில் ஒரு அக்காவிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். "எனக்குப் பட்டன் போன்தானுங்க சார்" என்றார். அன்றிலிருந்து எந்த மாற்றம் வந்தாலும், குரூப்பில் போட்ட கையோடு செக்கிங் டேபிளுக்கு மேலே இருக்கும் பலகையில் சாக்பீஸால் எழுதுகிறோம்.