மறுகோடியா, 20 கிலோமீட்டரா?

நாட்டின் மறுகோடிக்குக் குடிபெயர வேண்டும் என்று கனவு காணும் புறநகர்வாசிகள் பலருக்கு உண்மையில் மறுகோடி தேவையில்லை. 20 கிலோமீட்டர் தள்ளிப் போனாலே போதும். இதைச் சொன்னால் நண்பர்களுக்குக் கோபம் வருகிறது. கனவைக் கொச்சைப்படுத்துகிறேனாம். நானும் அதே கனவைக் காண்கிறவன்தான். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, கால்கூட வைத்திராத ஒரு ஊரின் வாடகை விளம்பரங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிற ஆள். எந்த அறையில் மேசையைப் போடுவது என்பதுவரை முடிவு செய்தாகிவிட்டது. ஆகவே கேலி பண்ணும் தகுதி எனக்குக் கிடையாது. கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

புறநகர் வாழ்க்கை சலித்துவிட்டது என்பவரிடம் எது சலித்தது என்று கேட்டுப் பாருங்கள். அலுவலகம் போய்வருவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. சின்னப் பொருள் ஒன்று வாங்கக்கூட வண்டியை எடுக்க வேண்டியிருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாது. எந்தத் தெருவில் திரும்பினாலும் அதே தெரு. பிள்ளைகள் எங்கே போவதானாலும் நாம்தான் கொண்டுபோய் விட வேண்டும். இதில் எந்தப் புகாரைத் தீர்க்க ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போக வேண்டும்? வீடு ஓரிடத்தில், வேலையும் கடையும் மனிதர்களும் வேறிடத்தில். நடுவிலுள்ள அந்தத் தூரத்தைப் பற்றிய புகார்கள்தான் இவ்வளவும். மறுகோடியில் போய் இன்னொரு புறநகரில் வீடு பிடித்தால் அத்தனை புகாரும் நமக்கு முன்னாலேயே போய் அங்கே உட்கார்ந்திருக்கும்.

பயணத்தையே எடுத்துக்கொள்வோம். மனிதர்கள் ஒரு நாளில் சராசரியாக ஒரு மணி நேரத்தைத்தான் போய்வரச் செலவிடுகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்ச்செட்டி 1994இல் எழுதினார். அதற்கு முன்பே யாக்கோவ் சஹாவி செய்திருந்த போக்குவரத்து ஆய்வுகள்தான் அவருக்கு அடிப்படை. வண்டியின் வேகம் கூடினால் நேரம் மிச்சமாவதில்லை, ஊர்தான் அகலமாகிறது. ரயில் வந்தது, டிராம் வந்தது, கார் வந்தது. ஒவ்வொரு முறையும் நகரம் இன்னொரு வளையம் வெளியே தள்ளிப் படர்ந்தது. அந்த வளையங்களில்தான் நம் வீடுகள் இருக்கின்றன. அப்புறம் சாலை நிரம்பிவிட்டது. வேகம் போய்விட்டது, தூரம் மட்டும் தங்கிவிட்டது.

நீண்ட பயணத்துக்கு ஈடாகப் பெரிய வீடோ கூடுதல் சம்பளமோ கிடைக்கிறது, அதனால்தான் மக்கள் அதை ஏற்கிறார்கள் என்பது பொருளியல் பாடம். புரூனோ ஃப்ரை, அலோய்ஸ் ஸ்டுட்சர் என்ற இரு சுவிஸ் பொருளியலாளர்கள் ஜெர்மனியில் திரட்டப்பட்ட தரவுகளை வைத்து இதைச் சோதித்தார்கள். பயண நேரம் கூடக்கூட வாழ்க்கைத் திருப்தி குறைந்துகொண்டே போனது. கிடைத்ததாகச் சொல்லப்படும் ஈடு, இழந்ததைச் சரிக்கட்டவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. வீடு வாங்கும்போது அறைகளை எண்ணுகிறோம், அங்கிருந்து வேலைக்குப் போய்வரும் காலைகளை எண்ணுவதில்லை. கூடுதல் அறை ஆறு மாதத்தில் பழகிவிடும். நெரிசல் அப்படிப் பழகுவதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் புதுவிதமாக எரிச்சல்படுத்தும் திறமை அதற்கு உண்டு.

இதற்காகப் புறநகரைத் திட்டித் தீர்க்கவும் நான் தயாரில்லை. அது அறிவாளிகளின் பழைய பொழுதுபோக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் லெவிட்டவுன் போன்ற குடியிருப்புகள் ஒரே அச்சில் வார்த்தாற்போல எழுந்தபோது, அங்கே வாழ்பவர்களும் ஒரே அச்சாக, உயிரற்றுப் போவார்கள் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். ஹெர்பர்ட் கான்ஸ் என்ற சமூகவியலாளர் என்ன செய்தார் தெரியுமா? நியூ ஜெர்சியின் லெவிட்டவுனில் தானே ஒரு வீடு எடுத்துக் குடியேறி, சுமார் இரண்டு ஆண்டுகள் அண்டை அயலாரோடு பழகினார். 1967இல் அவர் வெளியிட்ட முடிவு விமர்சகர்களுக்கு உவப்பாக இல்லை. பெரும்பாலானவர்கள் தாங்கள் தேடி வந்தது கிடைத்துவிட்டது என்று திருப்தியாகவே இருந்தார்கள். பதின்பருவப் பிள்ளைகள்தான் சலித்துக் கிடந்தார்கள். என் வீட்டிலும் நிலவரம் இதுவே. புறநகரின் குறைகளைப் பட்டியலிட அந்த வயதுப் பிள்ளையைவிடச் சிறந்த ஆய்வாளர் கிடையாது.

சரி, மறுகோடிக் கனவுக்கு வருவோம். அந்தக் கனவில் எப்போதும் நல்ல வானிலை. யாரும் அங்கே பல் வலியோடு இருப்பதில்லை, குழாய் ஒழுகுவதில்லை, மேலாளர் அழைப்பதில்லை. 1998இல் டேவிட் ஷ்கேடும் டேனியல் கானமனும் செய்த ஒரு ஆய்வு எனக்குப் பிடித்தமானது. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலும் தெற்குக் கலிஃபோர்னியாவிலும் படித்த மாணவர்கள் ஏறத்தாழ 2,000 பேரிடம் கேட்டார்கள். உங்கள் வாழ்க்கை எவ்வளவு திருப்தி என்ற கேள்விக்கு இரு பகுதியினரின் சராசரி விடையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் எந்தப் பகுதிக்காரர் அதிக மகிழ்ச்சியாக இருப்பார் என்று ஊகிக்கச் சொன்னபோது, இரு தரப்புமே கலிஃபோர்னியா என்றது. இரண்டு ஊரை ஒப்பிட உட்கார்ந்தால் எது வித்தியாசமாக இருக்கிறதோ அதுவே கண்ணை நிறைக்கிறது. அங்கே போய் வாழ்கிறவருக்கோ நாளின் பெரும்பகுதி வேலையிலும் துணி துவைப்பதிலும் கழிகிறது. வெயில் இதமாக இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்க்க எவருக்கு நேரம்?

அக்கரைப் பச்சை என்று சொல்லி இங்கேயே பதிவை முடித்துவிடலாம். ஆனால் சில அக்கரைகள் உண்மையாகவே பச்சையாகத்தான் இருக்கின்றன. பிரச்சினை பச்சையில் இல்லை, அங்கே போவதற்குக் கொடுக்கும் விலையில். அந்த விலையை நாம் போக்குவரத்து லாரியின் வாடகையாகவும் விமானக் கட்டணமாகவும் மட்டுமே பார்க்கிறோம்.

விலையின் பெரும்பகுதி மனிதர்கள். "நாலு மணி நேரம் பறந்தால் வந்துவிடலாம்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான், பெரிய சங்கதி என்றால் பறந்து வருவார்கள். ஆனால் அம்மாவுக்கு லேசான காய்ச்சல் என்பதற்காக யாரும் விமானம் ஏறுவதில்லை. அப்பா புதுக் கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கத் தெரியாமல் விழிக்கிறார் என்பதற்காகவும் ஏறுவதில்லை. நண்பன் முகம் ஒரு மாதிரி இருந்தது, போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றவே தோன்றாது, ஏனென்றால் அந்த முகத்தைப் பார்த்தே இருக்க மாட்டோம். உறவு பெரும்பாலும் இப்படிப்பட்ட சில்லறை விஷயங்களில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. 20 கிலோமீட்டர் தள்ளிப் போனால் இவை குறையும். 2,000 கிலோமீட்டர் போனால் நின்றுவிடும்.

அங்கே புதியவர்கள் கிடைப்பார்களே என்றால், கிடைப்பார்கள். ஆனால் நேரம் பிடிக்கும். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: அறிமுகமானவர் ஓரளவு நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்து கழிய வேண்டும், நண்பர் என்றே சொல்ல 90, நெருங்கிய நண்பராக 200க்கும் மேல். அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பதால் மட்டும் இது நிறைவதில்லை. நாற்பது வயதுக்காரர், பிள்ளைகளை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவரோடு 200 மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பார்? இருபத்தைந்து வயதில் கதை வேறு. அப்போது ஒரு மழைக்காலத்திலேயே அவ்வளவும் ஓடிவிடும். அதனால் இளையவர்கள் இந்தப் பதிவைப் பொருட்படுத்தாமல் பெட்டியைக் கட்டலாம்.

யாரோடு நட்பாகிறோம் என்பதில் ஊருக்கு இருக்கும் பங்கைவிட மாடிப்படிக்கு இருக்கும் பங்கு அதிகம் என்றுகூடச் சொல்வேன். அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர் குடியிருப்பு ஒன்றில் உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் செய்து 1950இல் வெளியிட்ட ஆய்வில், அடுத்த கதவுக்காரர்களே அதிகம் நண்பர்களாகியிருந்தார்கள். மாடிப்படிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு மேல்தளத்திலும் நண்பர்கள் கிடைத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியவில்லை என்பதுதான் குறை என்றால், நடமாட்டமுள்ள தெருவில், பொதுப் படிக்கட்டுள்ள கட்டடத்தில் வீடு எடுப்பது மருந்தாகலாம். அப்படிப்பட்ட தெரு உங்கள் நகரத்திலேயே இருக்கும்.

இடம் மாறினால் வாழ்க்கை மாறும் என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான சான்றும் குறுந்தூர மாற்றம் பற்றியதுதான். 1990களில் அமெரிக்காவின் ஐந்து பெருநகரங்களில், வறுமை மிகுந்த குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில் வாடகை உதவிச் சீட்டு கொடுத்து, வறுமை குறைந்த பகுதிகளுக்கு மாற வழி செய்தார்கள். பொருளியலாளர் ராஜ் செட்டியும் உடனாய்வாளர்களும் 2016இல் திரும்பிப் பார்த்தபோது, 13 வயதுக்கு முன்பு இடம் மாறிய பிள்ளைகள் இருபதுகளின் நடுவில், சீட்டு கிடைக்காத குடும்பத்துப் பிள்ளைகளைவிடச் சுமார் 31 சதவீதம் அதிகம் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். வளர்ந்த பிறகு மாறிய பிள்ளைகளுக்கு அந்தப் பலன் இல்லை, கொஞ்சம் பாதகம்கூட. இந்தக் குடும்பங்கள் நாட்டைக் கடக்கவில்லை. பேட்டையை மாற்றினார்கள்.

ஊர் உலகமும் பெரும்பாலும் இப்படித்தான் நகர்கிறது. ராவென்ஸ்டைன் என்ற புவியியலாளர் 1885லேயே, குடிபெயர்பவர்களில் பெரும்பாலோர் குறுகிய தூரமே போகிறார்கள் என்று பிரிட்டன் மக்கள்தொகைக் கணக்கை வைத்துச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு பெயர்வுக்கும் எதிர்த்திசையில் ஒரு பெயர்வு இருக்கும் என்பதும் அவர் சொன்னதே. திரும்பி வருகிறவர்கள் விளம்பரத்தில் வருவதில்லை.

எனக்கு எதிரான சாட்சியையும் வைத்துவிடுகிறேன். ஸ்டீவன் லெவிட் என்ற பொருளியலாளர் (அந்த லெவிட்டவுனுக்கும் இவருக்கும் முடிச்சுப் போட வேண்டாம்) ஒரு இணையதளம் நடத்தினார். வேலையை விடலாமா, உறவை முறிக்கலாமா என்று குழம்புகிறவர்கள் அங்கே நாணயம் சுண்டலாம். ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, பெரிய விஷயங்களில் மாற்றத்தைச் செய்தவர்கள், செய்யாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். ஆக, தயங்குகிறவர்கள் அளவுக்கு மீறித் தயங்குகிறார்கள் போலிருக்கிறது. என் பதில் இவ்வளவுதான்: நாணயம் சுண்டுகிற அளவுக்கு வந்தவர் ஏற்கெனவே பாதி வெளியேறியவர். தவிர, 20 கிலோமீட்டர் போவதும் மாற்றம்தான்.

தூரமேதான் தேவை என்பவர்களும் உண்டு. சொந்தக்காரர் கண்ணில் படாமல் மூச்சுவிட வேண்டியவர்கள், தான் யார் என்று சொன்னால் வாசலடைக்கும் ஊரில் பிறந்தவர்கள், மணமுறிவுக்குப் பிறகு ஒவ்வொரு தெருமுனையிலும் பழைய நினைவில் இடறுகிறவர்கள். நான் இழப்பு என்று எழுதியதெல்லாம் அவர்கள் கணக்கில் வரவு. அதேபோல, கடலைப் படிப்பவருக்குக் கடல் வேண்டும், மலையேறுபவருக்கு மலை வேண்டும். இவர்கள் போகத்தான் வேண்டும். மற்றவர்களிடம் நான் கேட்பது, கிளம்பும் காரணத்தை எழுதிப் பார்த்து, அதில் எது அந்த ஊரில் மட்டுமே கிடைக்கும் என்று குறியிடச் சொல்லித்தான். முடிந்தால் அந்த ஊரின் மிக மோசமான பருவத்தில், விடுமுறை எடுக்காமல், மடிக்கணினியோடு போய் ஒரு மாதம் இருந்து பாருங்கள். வீட்டை மட்டும் அதற்குள் விற்றுவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் இப்போதைக்கு, இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அலுவலகத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று எடுக்கலாம் என்பது என் கட்சி. என் மனைவிக்கு இது பாதிக் கிணறு. போவதென்றால் போக வேண்டும், இதென்ன பேருந்து நிறுத்தம் மாறுவது மாதிரி என்கிறாள். அவளுடைய பட்டியலில் அந்த ஊரில் மட்டுமே கிடைப்பவை இரண்டு மூன்று இருக்கின்றன என்பதால் என்னால் முழுதாக மறுக்கவும் முடியவில்லை. மறுகோடிக்குப் போய் மூன்று வருடமாவது தாண்டியவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள். வானிலை, பள்ளிக்கூடம், வாடகை பற்றியெல்லாம் விசாரித்துவிட்டோம். மருத்துவமனைப் படிவத்தில் அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் இப்போது யார் பெயரை எழுதுகிறீர்கள்?