பள்ளித் தோட்டத்துக்கு ஆசிரியர் ஊருக்குள்ளேயே இருக்கிறார்

டெல்டா மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளில் காய்கறித் தோட்டம் போடும் ஆர்வம் கூடிவருவது மகிழ்ச்சியான செய்திதான். தஞ்சாவூரிலிருந்து சனிக்கிழமைகளில் விதைப் பொட்டலங்களோடு கிளம்பும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். ஆனால், மதில் சுவருக்கு அந்தப் பக்கம் குறுவை நெல் நடவு நடந்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் நாங்கள் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு "நாம் சாப்பிடும் சோறு எங்கிருந்து வருகிறது?" என்று கேட்பதில் உள்ள வேடிக்கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலருடைய அம்மாவும் சித்தியும் அந்த நேரம் அந்த வயலில்தான் குனிந்து நிற்கிறார்கள்.

என் கருத்து இதுதான்: பள்ளித் தோட்டத்தில் பாடம் நடத்த வேண்டியவர்கள் அந்தப் பெண்கள், நாங்கள் உதவிக்கு நின்றால் போதும்.

திருவையாறு பக்கத்து ஊர் ஒன்றில், பேரனைப் பள்ளியில் விட வந்த ஒரு பாட்டி பாத்தி ஓரத்தில் நின்றுவிட்டார். தண்டுக்கீரை விதையை வாங்கி, நாலு பங்கு காய்ந்த மணலோடு கலந்து, விரலிடுக்கு வழியாகத் தூவினார். "ஏன் பாட்டி மணலு?" என்றான் ஒரு பையன். "வெறும் வெதைய வீசுனா ஒரே எடத்துல கொட்டிப்புடும்டா தம்பி" என்றவர், மேலே மண்ணை லேசாகத் தள்ளி, வைக்கோலைப் பரப்பி, பூவாளியால் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். நம் களிமண்ணில் பொடி விதையை ஆழமாகப் புதைத்தால் முளை மேலே வராது என்பதை அத்தனை பிள்ளைகளும் அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொண்டார்கள்.

பட்டம், அதாவது விதைப்புப் பருவம், பார்த்து விதைப்பதும் இவர்களுக்கு அத்துபடி. ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள் என்பதற்காகக் கத்திரி வெயிலின் சூடு தணியாத மண்ணில் நட்டுப் படம் எடுத்துக்கொள்வதைவிட, ஆடிப்பட்டத்துக்குக் காத்திருப்பது மேல். ஆடியில் போட்டால் கீரை 25 நாளிலும் வெண்டை ஏறக்குறைய 45 நாளிலும் பறிப்புக்கு வந்து, சத்துணவுச் சாம்பாருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ஐப்பசி மழையில் பாத்தியில் தண்ணீர் நின்று வேர் அழுகுவதற்குள் பாதிப் பாடம் முடிந்திருக்கும். கோடை விடுமுறையில் ஆளில்லாமல் தாக்குப்பிடிக்க முருங்கையும் அகத்தியும் போதும்.

திருத்துறைப்பூண்டி பக்கத்து ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் தொடங்கிய நெல் திருவிழாவில் 2 கிலோ பாரம்பரிய விதைநெல் வாங்கும் விவசாயி மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு பிடி வெண்டை விதை வாங்கும் வகுப்பு, அடுத்த வகுப்புக்கு இரண்டு பிடி விட்டுப்போக வேண்டும் என்று பள்ளியிலும் வைக்கலாம்.

இதில் எச்சரிக்கை தேவைப்படும் இடமும் உண்டு. மண்வேலை யார் செய்ய வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்த மண் இது. "படிக்காவிட்டால் சேற்றில்தான் இறங்கணும்" என்ற மிரட்டலை இன்றும் வகுப்பறையில் கேட்கலாம். எனவே மண்வெட்டியும் தண்ணீர்க் குடமும் முறை வைத்து எல்லாப் பிள்ளைகளின் கைக்கும் போக வேண்டும். ஆசிரியர் யாரையும் ஆள் பார்த்துக் கூப்பிடக் கூடாது. நடவுக்குப் போகும் ஒரு பெண் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடம் சொல்ல, ஊரின் எல்லாத் தெருப் பிள்ளைகளும் கேட்பது, கீரையைவிடப் பெரிய விளைச்சல் என்றே நினைக்கிறேன்.

பாடம் சொல்ல வரும் அந்தப் பெண்ணை இலவசமாக வரச் சொல்லவும் கூடாது. மாதச் சம்பளக்காரர்களுக்குத் தன்னார்வம் சுலபம். நடவு நாளில் அரை நாள் பள்ளிக்கு வந்தால் அவருக்குக் கூலி போகும். எங்கள் பதாகைக்கும் கார் டீசலுக்கும் ஆகும் பணத்தில் அந்தக் கூலியை மதிப்பூதியமாகத் தாராளமாகக் கொடுக்கலாம். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அவர்களிலேயே இந்த வேலை தெரிந்தவர்கள் இருப்பார்கள். ஆடி பிறப்பதற்குள் ஒரு கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்கத் தலைமையாசிரியர்கள் முன்வந்தால், மதிப்பூதியத்தில் ஒரு பங்கைத் தர நான் தயார்.