மெஸ்கால் புழு அஸ்டெக் வழக்கம் அல்ல

ஒருவர், "டெக்கீலா பாட்டிலில் கிடக்கும் புழு அஸ்டெக் காலத்துச் சடங்கு, தின்றால் மாயக்காட்சி தெரியும்" என்று எழுதியிருக்கிறார். (அஸ்டெக்குகள் என்றால் ஸ்பானியர் வருவதற்கு முன் மெக்சிகோவில் ஆண்டவர்கள்.) நல்ல கதைதான், ஆனால் தவறு.

புழு போடுவது டெக்கீலாவில் அல்ல, சில மெஸ்கால் பாட்டில்களில் (இரண்டுமே அகேவ் என்ற செடியிலிருந்து வடிக்கும் மெக்சிகோ மதுக்கள்). அதுவும் 1940-50களில்தான் தொடங்கியது. ஹகோபோ லோசானோ பாயெஸ் என்ற மெஸ்கால் வியாபாரி ஆரம்பித்து வைத்ததாகச் சொல்வார்கள். அந்த அகேவில் வளரும் ஒரு அந்துப்பூச்சியின் புழு அது. மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில் அதை வறுத்துச் சாப்பிடுவார்கள், அரைத்து உப்பிலும் கலப்பார்கள். போதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மாயக்காட்சி தரும் மெஸ்கலின் என்ற பொருள் இருப்பது பெயோட்டே என்ற கள்ளியில். மெஸ்கால் வடிக்கும் அகேவ் கள்ளியே அல்ல, நம்மூர் ஆனைக்கற்றாழை வகை.

சரி, அஸ்டெக்குகள் குடித்தது என்ன? புல்கே. அகேவின் இனிப்புச் சாறு புளித்து வரும் வெண்மையான பானம், கிட்டத்தட்ட நம் கள் மாதிரி. மாயாவெல் தெய்வமும், அவள் பெற்ற நானூறு முயல்களும் (ஒவ்வொன்றும் ஒரு போதைத் தெய்வம்!) இந்தப் புல்கேவோடு சேர்ந்த கதைகள். காய்ச்சி வடிப்பது ஸ்பானியர் வந்த பிறகு பரவியது என்பதே பெரும்பாலோர் கருத்து. மணிலாவிலிருந்து வந்த ஸ்பானிய வணிகக் கப்பல்களில் வந்த பிலிப்பினோக்கள் மெக்சிகோவின் கொலீமா கடற்கரையில் தென்னங்கள்ளை வடித்த முறைதான் அகேவுக்கும் போனது என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். ஸ்பானியர் வருவதற்கு முன்பே வடித்தார்கள் என்று வாதிடுபவர்களும் உண்டு. ஆனால் அந்த விவாதத்திலும் பாட்டில் புழுவுக்கு இடமில்லை.