நாட்டுக்கோழிக்கும் தடுப்பூசி வேண்டும்

"நாட்டுக்கோழிக்குத் தடுப்பூசியே தேவையில்லை, அதெல்லாம் பிராய்லருக்குத்தான்" என்று சிலர் சொல்கிறார்கள். முதல்முறையாகப் பத்துக் குஞ்சு வாங்குகிறவர் இதை நம்பினால் மொத்தமும் போய்விடும். சாதாரணச் சளியை நாட்டுக்கோழி ஓரளவு தாங்கும், சரி. ஆனால் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிகேட், இனம் பார்க்காது.

எங்கள் கொல்லையில் ஒரு கோடையில் வந்தது. காலையில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன, தீனியைத் தொடவில்லை. மறுநாள் ஒரு பெட்டை கழுத்து முறுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. நான்கே நாளில் 14 கோழியில் 11 போயிற்று. வைரஸ் நோய், வந்தபின் மருந்து கிடையாது.

அதனால் தடுப்புதான் வழி: குஞ்சுக்கு 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா, அதாவது ராணிகேட்டுக்கான தடுப்பு மருந்து. 8 வாரம் ஆனதும் அதே நோய்க்கு இறக்கைப் பகுதியில் தோலுக்கு அடியில் தடுப்பூசி. தடுப்பு மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் எடுத்துவர வேண்டும், சூடு பட்டால் வீண். தமிழ்நாட்டில் கால்நடைத் துறை இலவச முகாமே நடத்துகிறது, பெரும்பாலும் பிப்ரவரியில். மஞ்சளும் கீழாநெல்லியும் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் தடுப்பூசிக்குப் பதிலாக வேண்டாம்.