ஹிட்லரின் முதல் அமைச்சரவையில் நாஜிகள் மூன்றே பேர்

1933 ஜனவரி 30 அன்று பதவியேற்ற அந்தப் பட்டியலைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. சான்சலராக, அதாவது பிரதமர் இடத்தில், ஹிட்லர், உள்துறைக்கு ஃபிரிக், இலாகா இல்லாத அமைச்சராக கோரிங். நாஜிகள் அவ்வளவுதான். மற்றவர்கள் பழமைவாதிகள், பிரபுக்கள், அனுபவமுள்ள அதிகாரிகள். பெரும்பான்மை நம் பக்கம், ஆளைக் கட்டிப்போட்டுவிடலாம் என்று துணைச் சான்சலர் பாப்பன் நம்பினார்.

இப்படித் தலை எண்ணுகிற பழக்கம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. சர்வாதிகாரப் போக்குள்ள ஒருவர் அமைச்சரவை அமைத்தால், அதில் மிதவாதிகள் எத்தனை பேர், நிபுணர்கள் எத்தனை பேர் என்று பார்த்து நிம்மதியாகிவிடுகிறோம். போலீஸ் யார் கையில் என்றல்லவா முதலில் பார்க்க வேண்டும்? கோரிங்கிடம் இலாகா இல்லை, சரி. ஆனால் ஜெர்மனியின் மிகப்பெரிய மாநிலமான பிரஷ்யாவின் உள்துறை அவரிடம் இருந்தது. பிப்ரவரி முடிவதற்குள் கட்சியின் அடியாட்கள் அங்கே துணைப் போலீஸாகத் தெருவில் இறங்கிவிட்டார்கள்.

மார்ச் 23 அன்று, நாடாளுமன்றம் இல்லாமலே சட்டம் இயற்றும் அதிகாரம் அரசுக்குத் தரப்பட்டது. அதாவது அமைச்சரவைக்கு. அந்தக் காகிதத்தின்படி அதன்பிறகும் அமைச்சரவையிலிருந்த பழமைவாதிகளால் தடுத்திருக்க முடியும். ஜூனில் பழமைவாதக் கட்சித் தலைவரும் அமைச்சருமான ஹூகன்பெர்க் விலகினார், ஜூலை 14 அன்று வேறு கட்சி தொடங்குவதே குற்றமானது. அப்புறம் கூட்டங்கள் குறைந்தன. சட்ட வரைவுகள் ஒவ்வோர் அமைச்சகமாகச் சுற்றுக்கு வந்தன, கையெழுத்தாகித் திரும்பின. கடைசிக் கூட்டம் 1938 பிப்ரவரி 5. போலந்து மீது படை போனபோது, அந்த அமைச்சரவை ஒன்றாக உட்கார்ந்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது! ஆனாலும் அமைச்சர்கள் இருந்தார்கள், அலுவலகம் இருந்தது.

எனக்கு மிகவும் மதிப்புள்ள ஒருவர் அந்தப் பட்டியலில் உண்டு: அஞ்சல், போக்குவரத்து அமைச்சர் எல்ட்ஸ்-ரூபனாக். 1937 ஜனவரி 30 அன்று, கட்சியில் இல்லாத அமைச்சர்களுக்கு ஹிட்லர் தங்கக் கட்சிச் சின்னம் கொடுத்தார். திருச்சபையை ஒடுக்கும் கட்சியின் சின்னம் தனக்கு வேண்டாம் என்று நேருக்கு நேர் மறுத்தார் இந்தக் கத்தோலிக்கர். பதவியை விட்டார். அவரும் நான்கு ஆண்டுகள் அங்கேதான் இருந்தார், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் முடியாது என்று சொல்ல முடிந்தது என்பதற்கு அவரே சாட்சி.

நிதியமைச்சர் ஷ்வெரின் ஃபான் க்ரோஸிக் அந்தச் சின்னத்தை வாங்கிக்கொண்டார். 1945 வரை அதே நாற்காலியில் இருந்தார். யூதர்களின் சொத்துகளைப் பறித்ததில் அவருடைய அமைச்சகத்துக்குப் பங்கு இருந்தது. 1949இல் நியூரம்பெர்க்கில் அவருக்குப் பத்தாண்டு சிறை விதித்தார்கள். 1933இல் அந்த மிதவாதப் பெரும்பான்மையில் அவரையும் சேர்த்துத்தான் எண்ணியிருந்தார்கள்.